பாக்கியத்துக்கு ஒரு தீவு

மாசி 5, செவ்வாய்

விடியலில் மூடுபனி. துறைமுகத்துக் கிரேன்கள் பாதிதான் தெரிந்தன. ராயபுரம் வீட்டில் மூட்டை கட்டும் வேலை.

எடுத்துக்கொண்டது: ரேஷன் அரிசி (தீவில் அரிசிக்கு ஆலாய்ப் பறக்க வேண்டும்), புளி, மிளகாய்த் தூள், பாய் ஒன்று, பாக்கியத்தின் கல்யாணப் புடவை. தீவுக்கு அது எதற்கு என்று கேட்டேன். முறைத்தாள். எடுக்க நினைத்து எடுக்காதது: என் கப்பல் கத்தி. பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

"இந்த அஞ்சாறு நாளு நீ அடுப்பாண்ட வரக்கூடாது மாமா. கப்பல்ல கீறவனுக்கெல்லாம் ஆக்கிப் போட்டே. இப்ப குந்திகினு துன்னு."

கல்யாணமான புதிதிலிருந்து இதே பாட்டு. "நீ கொழும்புல துன்னே, பினாங்குல துன்னே, போர்ட்பிளேர்ல துன்னே. நானு காசிமேட்டத் தாண்டல. என்னையும் ஒரு தீவுக்கு இட்டுகினு போ." கப்பலில் சமைக்கிற பண்டாரிக்குப் பெண்டாட்டியைப் பினாங்குக்கு அழைத்துப் போக வக்கு ஏது? எண்ணூர் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி இருக்கிறது. நாலு பக்கமும் தண்ணீர். தீவு தீவுதானே.

எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் கப்பல் பையன்கள் என்னைத்தான் கேட்பார்கள்: "அண்ணே, எங்க துன்லாம்? ருசியாவும் இருக்கணும், கையையும் கடிக்கக் கூடாது." இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. கைவண்டி இழுக்கிறவன் எங்கே குந்துகிறானோ அங்கே குந்து. போர்டு பெரிசா இருந்தால் திரும்பி வா. சமைக்கிறவள் சண்டைக்காரியா என்று பார், சண்டைக்காரி கையில் குழம்பு சோடை போகாது. இந்த மூன்று விதியும் எந்தத் தீவிலும் பொய்த்ததில்லை.

இப்போது ஒரு சங்கடம். இங்கே மட்டும் எழுதுகிறேன். ரங்கூனிலிருந்து திரும்பும்போது வந்த காய்ச்சலில் நாக்கு போய்விட்டது. மூக்கும் சேர்ந்து. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் இல்லை. சூடு தெரிகிறது, மிளகாய் எரிகிறது, அவ்வளவே. பாக்கியத்திடம் (இனி பா.) சொல்லவில்லை. நாலு வருஷமாகக் கேட்ட தீவு. அழைத்துப் போய் உட்காரவைத்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

வருகிற திங்கட்கிழமை செராங் ஆள் எடுக்கிறார். கப்பலுக்கு ஆள் சேர்ப்பது அவர்தான். நாக்கு இல்லாத பண்டாரி அவருக்கு எதற்கு? ஏமாற்றி ஏறிக்கொள்ளலாம். ஆனால் அத்தனை பேர் சோற்றில் விளையாட எனக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாக்கு திரும்பி வந்துவிட வேண்டும்.

பகல் பாசஞ்சரில் எண்ணூர். முகத்துவாரக்குப்பத்தில் ஓடம். பா. என் கையை விடவே இல்லை.

"மாமா, இத்தான் சமுத்திரமா?"

"இல்ல, இது கழி. சமுத்திரம் அந்தாண்ட கீது."

"கம்முனு இரு. நான் சமுத்திரம்னே வெச்சிக்கிறேன்."

தங்கல் அஞ்சலை வீட்டில். என்னோடு கப்பலில் இருந்தவனின் தங்கை. புருஷனைப் போன மாசியில் கடல் கொண்டுபோய்விட்டது. தனியாள். கூடை சுமந்து மீன் விற்கிறாள். வாசலில் நாங்கள் நிற்கும்போது ஓடக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல சகுனம்.


மாசி 6, புதன்

வெயில். கடல் காற்று சுகம். பா. தலையில் பூவரசம்பூ. "தீவுல வெச்சிக்கினா தப்பில்ல" என்கிறாள்.

நாக்கு இல்லாதவன் எப்படிச் சொல்வது எது நல்ல சாப்பாடு என்று? வழி கண்டுபிடித்துவிட்டேன். பா. முகம். உடனே "நல்லா கீது" என்று சொன்னால் சுமார். பேச்சு நின்று, பார்வை தட்டை விட்டு எழும்பாமல் இருந்தால் அருமை. பொய்யாக "நல்லா கீது" என்றால் கை தானாக மூக்குத்திக்குப் போய்த் திருகும். கல்யாணத்துக்கு மறுநாளே பிடித்துவிட்டேன். அவளுக்கே தெரியாது. சொல்லவும் மாட்டேன், சொன்னால் அப்புறம் எனக்கு என்ன பிடி?

இன்றைய சாப்பாடு:

ஓடத்துறை ஓலைக்கொட்டாய். கால்வாயில் உப்புப் படகு தள்ளுகிறவர்கள் சாப்பிடும் இடம். பழைய சோறு, சுட்ட கருவாடு, சின்ன வெங்காயம். பட்டணத்தில் நாஸ்தா தின்கிற காசுக்கு இரண்டு பேர் வயிறும் நிறைந்தது. பா. முகம்: பேச்சே இல்லை. இரண்டாம் தரம் தட்டை நீட்டினாள். ஆகவே அருமை.

சவுக்குத் தோப்பு. மரம் வெட்டுகிறவர்கள் சேர்ந்து போடும் ஒரே அடுப்பு. கேழ்வரகுக் களி, நண்டுக் குழம்பு. காசு வாங்க மாட்டார்கள். விறகு சுமந்து போட்டால் ஒரு உருண்டை. நான் சுமந்தேன், இரண்டு பேருக்குக் கிடைத்தது. பா. நண்டுக் காலை உறிஞ்சிய சத்தத்துக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மிக மிக அருமை.

பனங்கிழங்கு, வழியில் ஒருத்தர் கொடுத்தது. "நல்லா கீது" என்று டக்கென்று வந்தது. சுமார்.

ராத்திரி அஞ்சலை வைத்த நெத்திலிக் குழம்பு. பா. மூச்சுகூட விடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா மாமா, என்னையே முறைச்சி முறைச்சி பாத்துகினு கீறே? சோத்தத் துன்னு." அஞ்சலை சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தோள் வலி. விறகு கனம்.


மாசி 7, வியாழன்

காற்று அதிகம். மணல் எல்லாவற்றிலும். பாயில், தலையில், அரிசியில்.

எல்லாரும் எழும்முன் தனியாகக் கடல் பக்கம் போனேன். ஒரு கை நீர் அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தேன். வெறும் தண்ணீர். இன்னொரு கை. அதுவும் அப்படித்தான். பின்னாலிருந்து ஓடக்காரர்:

"இன்னா பண்டாரி, கடலுக்கு உப்பு பாக்குறியா?"

"ஆமா. சரியாத்தான் கீது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மதியம் கழியில் பெண்கள் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்தார்கள். பா.வும் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். ஒன்று கையில் துள்ளியதும் போட்ட கூச்சல் எண்ணூர் ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும். அதைத் தணலில் வாட்டி, தோலுரித்து, தனக்கு ஒரு துணுக்குகூட வைத்துக்கொள்ளாமல் என் வாயில் வைத்தாள்.

"சொல்லு. நானே புடிச்சது."

"ஷோக்கா கீது."

"பினாங்க விடவா?"

"பினாங்கு இன்னா பினாங்கு."

எனக்குத் தெரிந்தது: பல்லில் ஒரு நறுக், அப்புறம் அவள் விரல் நுனியின் சூடு. அவள் பிடித்த முதல் இறால். அதன் ருசி எனக்குத் தெரியாமலே போய்விட்டது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

செருப்பு வார் அறுந்தது. ஓடக்காரர் வலை நூலால் தைத்துக் கொடுத்தார்.


மாசி 8, வெள்ளி

வெயில், காற்று இல்லை. மாட்டிக்கொண்டேன்.

அஞ்சலை புருஷனுக்கு இன்று வருஷப் படையல். அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். மடவை மீன் குழம்பு, முட்டை, முருங்கைக்கீரை, ஒரு கட்டு பீடி. படையல் சோற்றைச் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. போனவனுக்கு முன்னால் யார் நாக்கும் படக் கூடாது. பாவம், அழுதுகொண்டே ஆக்கினாள். இலை போட்டு, விளக்கேற்றி, காக்கைக்கு வைத்தாள். காக்கை வந்து ஒரு வாய் கொத்திவிட்டுப் பறந்தது. அப்புறம் விருந்தாளிகளுக்கு. வீட்டுக்காரி கடைசியில்.

முதல் வாய் வைத்ததும் அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். பண்டாரி வாயால் ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது. இந்த நாளில் கொடுக்காமல் எப்படி?

"உப்பு, ஒறப்பு எல்லாம் நிறுத்து வெச்ச மாதிரி கீது தங்கச்சி. அவரு குடுத்து வெச்சவரு."

பக்கத்தில் பா. கை இலையிலேயே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "நல்லா கீது அக்கா" என்றாள். இடது கை மூக்குத்தியில். குழம்பில் ஏதோ கோளாறு என்று அப்போதே புரிந்துவிட்டது. சொன்னது சொன்னதுதான், திருப்பி விழுங்க முடியுமா?

பா. தன் இலையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நானும்.

அஞ்சலை உட்கார்ந்து ஒரு வாய் போட்டாள்.

"ஐயையோ! உப்பே போடலியே! வருசமெல்லாம் உப்புத் தண்ணியில கெடந்தவனுக்கு உப்பில்லாத சோறு படைச்சிட்டனே!"

தலையில் அடித்துக்கொண்டாள். பா. எழுந்து போய்க் கட்டிக்கொண்டாள். "அட இன்னாக்கா நீ? கடலையே குடிச்சவருக்கு இன்னும் இன்னாத்துக்கு உப்பு? போதும்னு இருப்பாரு." அஞ்சலைக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீ இன்னாண்ணே, நிறுத்து வெச்ச மாதிரின்னே?"

நான் வாயைத் திறக்கும்முன் பா., "அவுரு கப்பல்காரரு அக்கா. நாலு ஊர்ல நல்லது சொல்லியே பழகினவரு" என்றாள்.

சாயந்தரம் கடற்கரை. ரொம்ப தூரம் எனக்கு முன்னால் நடந்தாள். அப்புறம் நின்றாள்.

"எத்தினி நாளா?"

சொன்னேன். காய்ச்சல், மூக்கு, நாக்கு, கடல் தண்ணீரைக் குடித்துப் பார்த்தது, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். மணலை வாரி என் மேல் அடித்தாள்.

"நாக்குதான போச்சி? நானா போயிட்டேன்? எங்கையில சொன்னா இன்னா கொறஞ்சிடுவ? நேத்து அந்த எறா... ஷோக்கா கீதுன்னியே, உடான்ஸ் உட்டியா?"

"உன் வெரல் சூடு தெரிஞ்சிது. அது உடான்ஸ் இல்ல."

அப்புறம் என் சட்டையிலிருந்த மணலை அவளே தட்டிவிட்டாள். கப்பலுக்கு என்ன செய்வாய் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் போவேன், வராவிட்டால் இந்தத் தடவை இல்லை என்றேன். "வந்துடும் மாமா. சீக்கிரமா வரணும்னு அம்மன வேண்டிக்கிறேன்" என்றாள். மூக்குத்தி உறுத்துகிறதோ என்னவோ, திருகிக்கொண்டே இருந்தாள்.

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது. முன்பே சொல்லியிருக்கலாம்.


மாசி 9, சனி

மேகமூட்டம். மழை இல்லை. பா. கல்யாணப் புடவை கட்டினாள். மணலில் இழுத்துக்கொண்டு நடக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை.

இன்று முதல் அவளே என் நாக்கு. எதைத் தின்றாலும் எனக்குச் சொல்கிறாள்.

மடவை வறுவல். "இது எப்டின்னா மாமா, அன்னிக்கு வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டாண்ட மழைக்கு ஒதுங்கினோமே, துணிக்கடைக்காரன் தொரத்தினானே, அப்ப உன் தோள்ல ஒரு வாசனை வந்துச்சி. அதுல பாதி."

"மீனு ருசி கேட்டா என் தோளச் சொல்றியே."

"வேணும்னா கேளு. வேணாம்னா போ."

புளிக்குழம்பு. "உங்கம்மா என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப சிரிச்சாங்களே, அந்தச் சிரிப்பு." எனக்குப் புரை ஏறிவிட்டது.

தர்பூசணி, தோப்பு மணலில் விளைந்தது. ரொம்ப யோசித்தாள். "நீ கப்பல்லேந்து எறங்கி வூட்டாண்ட வர்ற அன்னிக்கு, தெரு முனையில உன் தலை தெரியும் பாரு, அது." அப்புறம் என் பக்கம் பார்க்கவில்லை. கொட்டைகளைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி நாலு வருஷம் என்று வாய் சொல்கிறது. வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறுமா? கப்பலில் இருக்கும்போது இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை. அடுப்பும் ஆட்களுமாகப் பொழுது போய்விடும். அவளுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டதே இல்லை.

சாயந்தரம் அஞ்சலை கருவாடு சுட்டாள். ஒரு நொடி மூக்கில் ஏதோ. நினைப்பா, நிஜமா? மறுபடி இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பா.விடம் சொல்லவில்லை. வீணாக ஆசை காட்ட வேண்டாம்.


மாசி 10, ஞாயிறு

தெளிந்த வானம். ஊர் திரும்பும் நாள்.

காலையில் அஞ்சலை கூடையோடு எண்ணூர் போய்விட்டாள். பா. இரண்டு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து எதிரே வைத்தாள்.

"கண்ண மூடு. ஒண்ணுல உப்பு போட்டுக்கீறேன், ஒண்ணுல போடல. கரெக்டா சொல்லு, நாளைக்கு செராங்காண்ட போ. தப்பா சொன்னா இந்த வாட்டி கப்பல் கெடையாது. சரியா?"

"சரி."

முதல் கிண்ணம், வலது. சூடு. வழுவழுப்பு. வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவது, இடது. சூடு, வழுவழுப்பு, அப்புறம் நாக்கின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கரிப்பு. கோடு இழுத்தாற்போல. போய்விடுமோ என்று விழுங்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

"எடது" என்றேன். கண்ணைத் திறந்தேன்.

பா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"தப்பு மாமா. உப்பு வலதுல."

கை மூக்குத்தியில்.

உடனே எழுந்து, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வெளியே போய்விட்டாள். குடத்தை எடுக்காமலே போனாள். நான் இரண்டு கிண்ணத்திலும் விரல் விட்டு நக்கிப் பார்த்தேன். வலதில் ஒன்றும் இல்லை. இடதில் உப்பு. சந்தேகத்துக்கு அஞ்சலையின் உப்புப் பானையிலிருந்து ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. அப்படிக் கரித்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சத்தம் வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கப்பலுக்குப் போ என்று சொல்லி என்னை அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். அப்பா, அம்மா, அண்ணன். இருந்துவிடு என்பதற்காகப் பொய் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

வாசலுக்குப் போனேன். கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பா சொல்லிட்டனே பாக்கியம்."

"பரவால்ல மாமா" என்றாள். திரும்பவில்லை. "நாக்கு எங்க போயிடும்? மெதுவா வரட்டும்."

"வரட்டும்" என்றேன்.

உள்ளே போய் இடது கிண்ணத்துக் கஞ்சியை மடக்கு மடக்கென்று அவளே குடித்துவிட்டாள்.

பகலில் ஓடம். அஞ்சலை துறையில் நின்று இரண்டு மடவைக் கருவாட்டைக் கட்டிக் கொடுத்தாள். அடுத்த மாசிக்கு வரச் சொன்னாள். "உப்பு நெறையப் போட்டு ஆக்கறேன்" என்றாள். ஓடக்காரர் துடுப்புப் போடும்போது பா. கேட்டாள்:

"மாமா, இது இன்னா, கழியா?"

"சமுத்திரம்" என்றேன்.


மாசி 11, திங்கள்

புழுக்கம். துறைமுகத்தில் நிலக்கரித் தூசி.

செராங்கைப் பார்த்தேன். நாக்கு இன்னும் வரவில்லை என்றேன். "நாக்கு இல்லாத பண்டாரிய வெச்சிகினு நான் இன்னா பண்றது? போ, வூட்டுல நல்லா துன்னு தேத்திக்கோ" என்றார். அடுத்தது ஆனியில். அதுவரை துறைமுகத்திலேயே தினக்கூலி. சமாளிக்கலாம்.

வெளியே கப்பல் பையன்கள் இருவர் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, தீவுக்குப் போயிருந்தியாமே? எங்க துன்லாம்?" ஓடத்துறைக் கொட்டாய், சவுக்குத் தோப்பு, இரண்டையும் சொன்னேன். தோப்பில் விறகு சுமக்க வேண்டும் என்பதையும். "தனியாப் போவாதீங்கடா, ருசி தெரியாது" என்றேன். சிரித்தார்கள்.

பரணிலிருந்து கத்தியை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி பரணிலேயே வைத்தேன்.

மதியம் பா. வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எங்க தெரியப் போவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

உப்பு கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை.